ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் போர்வை பிழியலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காய்வதே இல்லை. கரண்டும் அடிக்கடி போய்விடும். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. போர்வையை முறுக்கிப் பிழிய முடியவில்லை. இப்போதெல்லாம் ரப்பரைப் பாலாகவே விற்றுவிடுவதால், ஷீட் அடிக்கும் கை மெஷின் சும்மா கிடக்கிறது. அதைக் கழுவி, வரி இல்லாத ரோலரில் துணியை விட்டுப் பார்த்தோம். துண்டு பரவாயில்லை. வேட்டி சொட்டச் சொட்ட வருகிறது. திருகை இறுக்கினால் போர்வை மாட்டிக்கொள்கிறது, சட்டைப் பட்டன் உடைகிறது. லேத் பட்டறைக்காரர் 12 மி.மீ. கம்பியில் மர உருளை மாட்டிப் புதிதாகவே ஒன்று செய்து தருகிறேன் என்கிறார். பழையதை மாற்றலாமா, புதிதாகச் செய்யலாமா? அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: புதிதாகச் செய்யுங்கள். ஆனால் அந்த 12 மி.மீ. கம்பி வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பழைய மெஷின் ஏன் துணிக்கு ஒத்துவரவில்லை என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் புதியதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதும் தானே புரிந்துவிடும்.

நீங்கள் செய்த காரியம் ஒன்றும் விசித்திரமானது அல்ல. துணி பிழியவும் மடிப்பு நீக்கவும் பயன்பட்ட இரட்டை உருளைப் பொறிக்கு ஆங்கிலத்தில் மாங்கிள் என்று பெயர். மலாயா ரப்பர் தோட்டங்களில் ஷீட் அடிக்கும் மெஷினையும் மாங்கிள் என்றுதான் சொன்னார்கள். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டு உருளை, ஒரு பக்கம் பல்சக்கரம், ஒரு கைப்பிடி, மேலே இறுக்குவதற்குத் திருகு. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் வேலை வேறு.

ஷீட் மெஷினின் வேலை தடிமனைக் கட்டுப்படுத்துவது. ஆசிட் விட்டு உறையவைத்த ரப்பர் பாலின் கட்டி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கனம். அதை இரண்டு மூன்று தடவை விட்டு, 3 மி.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் திருகு ரோலரை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கிறது. எது உள்ளே போனாலும் ரோலர் விலகாது. இடைவெளி மாறாது, அழுத்தம்தான் மாறும். துணிக்கு இது நேர்தலைகீழ். ஒற்றை மடிப்பு வேட்டி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நாலாக மடித்த போர்வையின் ஓரத்தையல் 10 மி.மீ. வரும். 2 மி.மீ. இடைவெளியில் வேட்டி சும்மா நழுவி வெளியே போகும், போர்வை முட்டி நிற்கும். துணி பிழியும் மெஷினில் அழுத்தம் மாறக்கூடாது. இடைவெளிதான் துணிக்குத் தக்கபடி விரிந்து சுருங்க வேண்டும். ஸ்பிரிங், ரப்பர், பல்சக்கரத்தில் பல்லின் நீளம் என்று இனி நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

சரி, ஸ்பிரிங். மேல் உருளையின் இரண்டு முனைகளிலும் பேரிங் பிளாக் (உருளையின் தண்டைத் தாங்கும் கட்டை) மேலும் கீழும் நழுவும்படி சட்டத்தில் காடி வெட்ட வேண்டும். அதன் மேல் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு மேல் திருகு. இங்கே பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் தவறு, கைக்குக் கிடைத்த குட்டையான, கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டுவிடுவது. அப்படிப் போட்டால் போர்வை ஓரம் வரும்போது அழுத்தம் சடாரென்று இரண்டு மூன்று மடங்காகிவிடும். திரும்பவும் ஷீட் மெஷின் கதைதான். நீளமான, மெத்தென்ற ஸ்பிரிங்கை நிறைய அமுக்கி வைக்க வேண்டும். கணக்காகச் சொன்னால், ஒரு மில்லிமீட்டர் அமுக்க ஒரு கிலோ கேட்கும் ஸ்பிரிங்கை 40 மி.மீ. அமுக்கி வையுங்கள். பக்கத்துக்கு 40 கிலோ, மொத்தம் 80 கிலோ. உருளை 10 மி.மீ. தூக்கினாலும் பக்கத்துக்கு 50 கிலோதான் ஆகும். வேட்டிக்கும் போர்வைக்கும் ஒரே இறுக்கம் போதும். ஒவ்வொரு துணிக்கும் திருகைத் தொட வேண்டியதில்லை.

பழைய அமெரிக்க ரிங்கர்களில், அதாவது துணி பிழியும் உருளைப் பொறிகளில், இதைவிட அழகான ஓர் ஏற்பாடு உண்டு. மேலே நடுவில் ஒரே ஒரு திருகு. அது ஒரு பட்டை ஸ்பிரிங்கின் நடுவை அமுக்கும். பட்டையின் இரண்டு முனைகளும் இரண்டு பேரிங்குகளின் மேல் உட்காரும். தராசுக்கோல் மாதிரி, இரண்டு பக்கமும் அழுத்தம் தானே சமமாகிவிடும். இரட்டைத் திருகு வைத்தால் ஒரு பக்கம் அதிகமாக இறுகி, துணி கோணலாக ஓடி ஒரு மூலையில் சுருண்டு நிற்கும். உங்கள் பட்டறைக்காரர் ஆட்டோ லீஃப் ஸ்பிரிங் வேலை தெரிந்தவரிடம் கேட்டு மெல்லிய பட்டை ஒன்று வாங்க முடிந்தால், நான் ஒற்றைத் திருகைத்தான் சொல்வேன். முடியாவிட்டால் இரண்டு சுருள் ஸ்பிரிங்கே போதும். திருகைச் சுற்றும்போது இரண்டு பக்கமும் எண்ணி ஒரே அளவு சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது உருளை. மர உருளை தவறில்லை. பல காலம் உலகம் மரத்தில்தான் பிழிந்தது. ஆனால் மரமோ இரும்போ, கெட்டியான உருளையின் மேல் பட்டன் வந்தால் அந்த இடத்தில் மட்டும் உருளை தூக்கிக்கொள்ளும். மொத்த 80 கிலோவும் அந்தப் பட்டன் மேல் இறங்கும், பக்கத்தில் இருக்கும் துணிக்கு ஒன்றுமே கிடைக்காது. பட்டன் உடைவதும், காலர் பக்கம் ஈரமாகவே இருப்பதும் ஒரே காரணத்தால்தான். ரப்பர் உருளையில் பட்டன் உள்ளே அமுங்கிப் போகும், சுற்றியுள்ள துணியும் பிழியப்படும். சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரை வேகவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1844ல். அதற்கு முன் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அந்த முறை வந்த பிறகுதான் ரப்பர் உருளை வைத்த ரிங்கர் வீட்டுச் சாமானாக ஆனது. உங்கள் வீட்டு மரங்களின் பால்தான் இதற்கும் மூலப்பொருள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிரிண்டிங் பிரஸ் உருளைக்கு ரப்பர் ஏற்றித் தருபவர்களிடம் கொடுத்தால் இதற்கும் ஏற்றித் தருவார்கள். கடினம் ஷோர் ஏ 50 என்று கேளுங்கள், ஷோர் ஏ என்பது ரப்பரின் கடினத்தைச் சொல்லும் அளவு. 70க்கு மேல் போனால் பட்டனுக்கு நல்லதல்ல. கறுப்பு ரப்பர் வேண்டாம், வெள்ளைத் துணியில் கோடு விழும். வெள்ளையோ சாம்பலோ கேட்டு வாங்குங்கள். சைக்கிள் ட்யூபை இழுத்து மாட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நனைந்ததும் அது உருளையின் மேல் தனியாகச் சுழலும்.

இப்போது அந்த 12 மி.மீ. கம்பி. உருளையை ஒரு உத்தரமாக நினைத்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் தாங்கல், நடுவில் எல்லா இடத்திலும் பாரம். பேரிங்குக்கு பேரிங் 40 செ.மீ. இருந்து, 80 கிலோ பாரம் ஏறினால், 12 மி.மீ. இரும்புக் கம்பி நடுவில் 3 மி.மீ.க்கு மேல் வளையும். மேல் உருளை மேலே வளையும், கீழ் உருளை கீழே வளையும். நடுவில் 6 மி.மீ. திறந்து கிடக்கும். மேலே மாட்டிய மரம் கொஞ்சம் தாங்கும். ஆனால் தண்ணீரில் ஊறி, கம்பி ஓட்டை தளர்ந்த பிறகு அதை நம்ப முடியாது. கடைசியில் ஓரம் காய்ந்தும் நடு ஈரமாகவும் துணி வரும், இன்னும் இறுக்கினால் இன்னும் வளையும். எனக்கு வந்த ஒரு மெஷினில் இதே கோளாறுதான். அதைச் செய்தவர் ஸ்பிரிங்கை மூன்று முறை மாற்றியிருந்தார், கம்பியைத் தொடவே இல்லை.

தடிமன் இரட்டித்தால் விறைப்பு பதினாறு மடங்கு. அதனால் கம்பியை விட்டுவிட்டுக் குழாய்க்குப் போங்கள். ஒன்றேகால் இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 42 மி.மீ. சொச்சம். அதே பாரத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட வளையாது. பைப்பின் இரண்டு முனையிலும் 20 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தண்டு வைத்து வெல்ட் பண்ணி, லேத்தில் ஒரே மையமாகக் கடைந்து, அதன் மேல் 9 மி.மீ. ரப்பர் ஏற்றினால் 60 மி.மீ. உருளை தயார். ரப்பரின் நீளம் 35 செ.மீ. போதும். இதைவிட நீளமாக ஆசைப்பட வேண்டாம். போர்வையை மடித்து விடலாம். பேரிங்குக்கு பால் பேரிங் தேவையில்லை. சோப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். நைலான் புஷ் (தண்டு உள்ளே சுழலும் வளையம்) போதும், எண்ணெயும் கேட்காது, துணியிலும் கறை படாது.

இந்த உருளையில் ரப்பர் அமுங்கி ஒட்டும் பட்டை ஒரு சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 80 கிலோ 35 சதுர செ.மீ.யில் பரவுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. ஸ்கூட்டர் பின்டயரில் அடிக்கும் காற்று அளவுதான். வேட்டி, சட்டை, போர்வைக்கு இது தாராளம்.

பல்சக்கரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. உருளை மேலே தூக்கும்போது பல்சக்கரங்களும் விலகும். சாதாரண லேத் பல்சக்கரத்தில் பல் ஆழம் 6, 7 மி.மீ.தான் இருக்கும், போர்வை ஓரம் 10 மி.மீ. தூக்கினால் பல் விட்டுப்போய், கட்டாயம் இழுக்க வேண்டிய நேரத்தில் மேல் உருளை நின்றுவிடும். அப்புறம் பல் நுனியில் நுனி மோதி உடையும். இதனால்தான் பழைய ரிங்கர்களில் பல்சக்கரப் பற்கள் விரல் மாதிரி நீளமாக இருக்கும். 1860களில் அமெரிக்காவில் யுனிவர்சல் என்ற ரிங்கரின் விளம்பரங்களில் அதன் பல்சக்கரத்தைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

உங்களிடம் இருக்கும் பழைய மெஷினின் பல்சக்கரங்களை அளந்து பாருங்கள். பல் ஆழம் 13 மி.மீ.க்குக் குறையாமல் இருந்து, இரண்டு சக்கரத்திலும் பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்து, உருளைகள் ஒட்டியிருக்கும்போது பற்கள் நன்றாக உள்ளே பொருந்தினால் அதையே கழற்றிப் போடலாம். தேவையானால் ரப்பர் தடிமனை அதற்குத் தக்கபடி கூட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் பல்சக்கரமே வேண்டாம். கீழ் உருளைக்கு மட்டும் கைப்பிடி கொடுத்து, மேல் உருளையைச் சும்மா உருளவிடுங்கள். ரப்பரின் பிடிப்பே துணி வழியாக மேல் உருளையையும் சுற்ற வைக்கும். ரொம்பக் கனமான கம்பளியில் வழுக்கும். வீட்டுத் துணிக்கு இது எனக்குத் திருப்தியான ஏற்பாடுதான். பொருந்தாத பல்சக்கரத்தைவிட இது நூறு மடங்கு மேல்.

கைப்பிடி 25 செ.மீ. நீளம் இருக்கட்டும். என் கணக்குப்படி அதன் முனையில் மூன்று நாலு கிலோ விசை கொடுத்தால் உருளை சுற்றும். மணிக்கட்டு வலி உள்ளவருக்கு இது முக்கியம்: முறுக்கிப் பிழியும்போது மணிக்கட்டுதான் வேலை செய்கிறது, இதில் தோளும் முழங்கையும் செய்யும். கையில் பிடிக்கும் இடத்தில் தனியாகச் சுழலும் மரக் குழல் மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளங்கை உராய்ந்து மணிக்கட்டும் திரும்பும், வலி திரும்ப வந்துவிடும். கைப்பிடியின் மையம் அம்மாவின் இடுப்புக்குச் சற்று மேலே வர வேண்டும். சட்டத்தை வாளியில் மாட்டாதீர்கள், கவிழும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தூணிலோ சுவரிலோ போல்ட் போட்டு நிறுத்துங்கள். உருளைக்குக் கீழே ஒரு தகடு, தண்ணீர், ஈரத் துணி உள்ளே போகும் பக்கமே திரும்பி வாளியில் விழும்படி சாய்வாக.

துணி விடும் முறையும் கொஞ்சம் பழக வேண்டும். பட்டனை உள்பக்கம் மடித்துக்கொள்ளுங்கள், ஜிப்பை மூடி நேராக விடுங்கள். போர்வையில் தடித்த ஓரம் முதலில் போகட்டும், பின்னால் வரும் மெல்லிய பகுதி தானே போய்விடும். ஒரு சுற்றுக்கு 19 செ.மீ. நகரும், இரண்டேகால் மீட்டர் போர்வைக்குப் பன்னிரண்டு சுற்று.

பாதுகாப்பை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. மோட்டார் வைத்த ரிங்கர் வாஷிங் மெஷின்கள் அமெரிக்க வீடுகளில் பரவியபோது, குழந்தைகளின் கை உருளைக்குள் போன காயங்களுக்கென்றே மருத்துவத்தில் தனிப்பெயர் வந்தது. கையால் சுற்றுவதில் ஆபத்து குறைவு, ஏனென்றால் சுற்றுபவரே நிறுத்தலாம். ஆனால் ஒருவர் சுற்ற இன்னொருவர் துணி விடும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. துணி விடுபவரே சுற்றட்டும். பல்சக்கரம் போட்டால் அதைத் தகடு வைத்து முழுக்க மூட வேண்டும். முந்தானையும் கூந்தலும் அங்கேதான் மாட்டும். இதற்கு மோட்டார் மாட்டலாமா என்று நாளைக்கு யாராவது கேட்டால், வேண்டாம்.

பழைய ஷீட் மெஷினைத் துணிக்கு இனி எடுக்காதீர்கள். வார்ப்பிரும்புத் துரு வெள்ளைத் துணியில் ஒருமுறை ஏறினால் லேசில் போகாது.

புதியது வந்ததும் அழுத்தத்தை இப்படி முடிவு செய்யுங்கள். ஒரு துண்டைக் காய்ந்தபடியே எடை போடுங்கள். நனைத்து, திருகை லேசாக வைத்துப் பிழிந்து, மறுபடி எடை போடுங்கள். திரும்ப நனைத்து, அரைச் சுற்று இறுக்கி, பிழிந்து, எடை. இப்படியே போனால் ஓரிடத்தில் எடை குறைவது ஏறக்குறைய நின்றுவிடும். அந்த இடத்தில் திருகில் பெயின்டால் ஒரு குறி வையுங்கள்; அதற்கு மேல் இறுக்கினால் தண்ணீர் கூடுதலாக வராது, அம்மாவின் தோள்தான் வலிக்கும். வேலை முடிந்ததும் திருகை முழுக்கத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியபடியே விட்டால் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகி, அடுத்த முறை சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் உருளை குதிக்கும். வெயில் படாமல் ஒரு சாக்கைப் போட்டு மூடியும் வையுங்கள்.