கிளிமஞ்சாரோ சரிவுக்கு மிஷன் விவசாயியாக வரும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது: சீர்காழிப் பக்கம் நெல்லும் உளுந்தும் போடுகிற லுத்தரன் குடும்பம். வட தான்சானியா லுத்தரன் சபையின் விவசாய ஊழியத்துக்கு இரண்டு வருடம் வருகிறீர்கள். முதல் வருடம் என்ன பயிர் வைக்கலாம், ஊரிலிருந்து என்ன கொண்டுவரலாம்?

முதல் வருடம் எதையும் வைக்காதீர்கள். சரிவில் வீட்டோடு ஒட்டி இருக்கும் நிலத்துக்குக் கிஹம்பா என்று பேர். பெரும்பாலும் இரண்டு ஏக்கருக்குள்தான். மேலே நிழல் மரம், அதற்குக் கீழே வாழை, வாழைக்கு இடையில் காப்பி, தரையில் சேம்பும் பீன்ஸும். கொட்டிலில் கட்டிய மாட்டின் சாணம் வாழைக்குப் போகும், வாழைத்தண்டு மாட்டுக்கு வரும். டெல்டாக் கண்ணுக்கு இது பராமரிக்காத காடு மாதிரித் தெரியும். மரத்தைக் கழித்து வெயில் விட்டால் விளைச்சல் கூடுமே என்று கை துறுதுறுக்கும். அந்த மரம்தான் காப்பிக்கு நிழல், மாட்டுக்குத் தழை, வீட்டுக்கு விறகு. வெட்டியபின் வளர்த்துத் தர உங்கள் இரண்டு வருடம் போதாது. வாழை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் பொறுப்பு, காப்பி ஆண்கள் பொறுப்பு. வாழையைப் பற்றி ஆண்களைக் கூட்டிவைத்துப் பேசி முடிவெடுத்தால் வயலில் ஒன்றும் நடக்காது.

தண்ணீரும் அப்படித்தான். மலையிலிருந்து இறங்கும் வாய்க்காலுக்கு ம்ஃபோங்கோ என்பார்கள். நம் முறைப்பாசனம் போல ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. முறையில்லாத நாளில் மடையைத் திறந்தால் ஊர்ச்சண்டை. மக்காச்சோளம் பெரும்பாலும் கீழே சமவெளியில், மார்ச் முதல் மே வரை பெய்யும் மசிக்கா மழையை நம்பி விதைப்பது. அங்கே படைப்புழு உண்டு, அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் உண்மையிலேயே உதவக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று மாடு. ஆனால் ஊர் அனுபவத்தை அப்படியே நம்பாதீர்கள். இங்குள்ள என்டிகானா காலி என்ற உண்ணிக்காய்ச்சல் நம் ஊர் மாடுகளுக்கு உண்ணியால் வரும் தைலீரியா அல்ல, அதன் பங்காளி. நம் ஊரில் மாடு வெளிறி மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அதற்குக் காத்திருந்தால் மாடு போய்விடும். முதல் அடையாளம் காதுக்குக் கீழே நெறி கட்டுவது, காய்ச்சல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது. மூக்கில் நுரை தள்ளிவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம், மருந்து பெரும்பாலும் பலிக்காது. நெறி கண்ட அன்றே கால்நடை மருத்துவரை வைத்து புபார்வாகோன் ஊசி போட வேண்டும். 20 கிலோ எடைக்கு 1 மில்லி, கழுத்துச் சதையில். 200 கிலோ மாட்டுக்கு 10 மில்லி. எடையைக் குறைத்து மதித்துக் குறைவாகப் போடுவதுதான் வழக்கமான தப்பு. நோயைப் பரப்பும் பழுப்பு உண்ணி காது மடலுக்கு உள்ளேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகில் மட்டும் மருந்து அடித்துவிட்டுப் போவது வீண். வாரம் ஒருமுறை காதைத் திருப்பிப் பார்த்து உட்புறம் நனைய அடியுங்கள். மருந்தைச் சிக்கனமாக நீர்த்தால் உண்ணி பழகிக்கொள்ளும்.

இரண்டாவது, அறுவடைக்குப் பின் சேமிப்பு. மக்காச்சோளத்தைத் துளைத்து மாவாக்கும் ஒரு வண்டுக்கு இங்கே லாரியின் பேரால் ஸ்கேனியா என்றே பட்டப்பெயர். காற்றுப்புகா மூன்றடுக்குப் பை அதை அடக்கும், தானியம் காய்ந்திருந்தால் மட்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஈரம் பார்க்கக் கருவி வேண்டாம். உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம், இரண்டு மூன்று தேக்கரண்டி காய்ந்த உப்பு போட்டு ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் இன்னொரு நாள் வெயிலில் போட்டுக் கட்டுவது நல்லது.

காகிதம்: சுற்றுலா விசாவில் வந்து வேலையைத் தொடங்காதீர்கள், அபராதத்தில் முடியும். வேலை அனுமதியும் ரெசிடென்ஸ் பெர்மிட்டும் தனித்தனி. இரண்டையும் உங்களை அழைக்கும் டயோசீஸ், அதாவது சபையின் வட்டார நிர்வாகம்தான் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் இல்லாத விவசாயி என்றால் பயிற்சிச் சான்றும் அனுபவக் கடிதமும் ஆங்கிலத்தில் கையில் இருக்கட்டும். வெளிநாட்டவர் இங்கே சும்மா நிலம் வாங்க முடியாது. "மிஷன் பேரில் நிலம் எடுத்துத் தருகிறேன்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். மொழிக்கு மொரோகோரோவில் லுத்தரன் சபையின் ஸ்வாஹிலிப் பள்ளி இருக்கிறது. மூன்று நான்கு மாதம் அங்கே போவதை வீண் என்று நினைக்காதீர்கள்.

நேரத்தில் எல்லோரும் ஒருமுறை ஏமாறுகிறார்கள். இங்கே பகல் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஸா மோஜா, அதாவது முதல் மணி, நம் ஏழு. ஸா தாத்து, மூன்றாம் மணி, நம் ஒன்பது. ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சபை உங்களுக்குப் புதிதாக இராது. நம் ஊர்ப் பக்கம் 1840களில் வந்த அதே ஜெர்மன் லைப்சிக் மிஷன்தான் 1893-ல் இங்கே மச்சாமே என்ற ஊரில் இறங்கியது. நம் தோத்திரத்துக்குப் பதில் ப்வானா அசிஃபிவே. பெரியவர்களுக்கு ஷிகாமூ என்று வணக்கம் சொல்லி, அவர்கள் மரஹபா என்ற பிறகுதான் மற்ற பேச்சு. ஆராதனை முடிந்து வெளியே முட்டை, வாழைத்தார், கரும்பு ஏலம் போகும். நம் அறுப்பின் பண்டிகை ஏலம்தான், ஆனால் இங்கே அதற்குப் பண்டிகை வர வேண்டியதில்லை. சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டையில் கத்தரி, அவரை விதை எதுவும் வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் பிடிபட்டால் பறிபோகும். பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2019 ஜூன் முதல் தடை, பெட்டியில் சாமானைச் சுற்றிக்கூடக் கொண்டுவராதீர்கள். ஜூன், ஜூலையில் மேல் ஊர்களில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். கொசுவலை கீழே மோஷி நகரப் பக்கம் தங்கும்போது. பருப்பைச் சுமக்காதீர்கள், துவரை இங்கே ம்பாஸி என்ற பேரில் கிடைக்கும். 2017-ல் இந்தியா துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்ததும் இங்கே விலை சரிந்தது. சந்தையில் அந்தப் பேச்சு வந்தால் இந்தியர் என்று உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.