அம்மா எழுந்து போன காட்சி

அன்புள்ள அக்கா,

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவன் நான். இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது தேயிலைத் தோட்டத்துக்குப் பிடித்துப் போன கூலிகளைப் பற்றிய பாலாவின் ‘பரதேசி’ படத்தை லெப்டொப்பில் போட்டு, நம் பாட்டன் பூட்டன் கதை என்று சொல்லி எல்லோரையும் உட்கார வைத்தேன். பாதியில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா, “இதுல நமக்குத் தெரியாதது என்னா இருக்கு?” என்றார். அம்மாயி மட்டும் கடைசிவரை இருந்தார், ஒன்றும் பேசவில்லை. அதே அம்மா ராத்திரி ஒன்பதரைக்கு, லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பராப் பெண்களோடு உட்கார்ந்து டீவி நாடகம் பார்த்து அழுகிறார். பணக்கார வீட்டுச் சண்டைக்கு வரும் கண்ணீர் நம் சொந்தக் கதைக்கு ஏன் வரவில்லை? எனக்குக் கோபமாகவும் வெட்கமாகவும் இருந்தது. நம் ஆட்களின் ரசனையை நாடகங்கள் கெடுத்துவிட்டனவா?

ச.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நான் தேடிய ஒன்று அதில் இல்லை. அம்மா எந்தக் காட்சியில் எழுந்து போனார்?

கேட்கக் காரணம் இருக்கிறது. ‘பரதேசி’ வந்தது 2013இல். கொஞ்ச நாளில் ஒரு சீடி கிடைத்து நானும் என் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன், உங்களைப் போலவே பெருமையோடு. முற்பணம் காட்டி ஆள் சேர்க்கும் கங்காணியையும் மலைக்கு நடக்கும் அந்த நீண்ட நடையையும் அம்மா அமைதியாகப் பார்த்தார். தப்பி ஓடியவனின் கால் நரம்பை அறுக்கும் காட்சியில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவர் கண்ணெடுக்கவில்லை. கணக்குத் தீர்க்கும் காட்சிக்குத்தான் எழுந்து போனார். அடுப்பில் அப்போது ஒன்றும் கொதிக்கவில்லை. சும்மா போய் நின்றார். பிறகு கேட்டதற்கு, “கணக்குப் புஸ்தகத்த விரிச்சதுமே எனக்கு வயித்தக் கலக்கிருச்சி” என்றார்.

அம்மா முப்பத்து மூன்று வருஷம் கொழுந்தெடுத்தவர். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கூடையில் 19 நின்ற கொழுந்து கழிவுக்குப் பிறகு 17 ஆனால் அன்றைக்கு அரைப் பேர். சம்பள நாளில் கணக்கு எழுதிய சிட்டையைக் கொண்டுவந்து என்னிடம் தந்து வாசிக்கச் சொல்வார். எழுத்துக் கூட்டி வாசிக்கிற வயது எனக்கு. முற்பணம், அரிசி, சந்தா என்று ஒவ்வொரு கழிவாக நான் வாசிக்க வாசிக்க அவர் முகம் எப்படி மாறும் என்பது இன்றும் எனக்குத் தெரியும். இலங்கைத் தோட்டங்களில் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள், கடன் எழுதிய துண்டை அடைக்காமல் ஒரு ஆள் வேறு தோட்டத்துக்குப் போக முடியாமல் இருந்தது என்று நாம் புத்தகத்தில் படித்தோம். அம்மாவுக்கு அந்தக் காட்சி போன மாசத்துச் சிட்டை. அதை அவர் முழுசாகப் புரிந்துகொண்டார். அதனால்தான் உட்கார முடியவில்லை. அன்று எனக்கும் உங்களைப் போலக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்காக இன்றுவரை வருந்துகிறேன்.

உங்கள் அப்பா சொன்னதையும் ஒதுக்கிவிட வேண்டாம். கொள்ளைநோயில் ஆட்கள் சாகும்போது டொக்டர் வந்து ஆடிப் பாடி மதம் மாற்றுகிற பகுதி படத்தில் வருகிறதே, அதைப் பார்த்துவிட்டு எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர், “எழவு வீட்டுல இப்புடி ஆட மாட்டாங்க. படம் எடுத்தவருக்கு அவரு மேல என்னமோ கோவம்” என்றார். பெரியவருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. படத்துக்கு அடிப்படையான நாவலை எழுதிய பி.எச். டேனியல், வால்பாறைத் தோட்டங்களில் டொக்டராக இருந்து, பின்னால் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியவர். தமிழ்நாட்டில் அந்தக் காட்சியைக் கண்டித்து எழுதியவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள். பெரியவர் நாவலைத் தொட்டதுகூட இல்லை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தே சொன்னார்.

நம் கதை நமக்கு வேண்டாமா என்று கேட்கிறீர்கள். 2018இல் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை எங்கள் லயத்தில் போட்டபோது ஒருவரும் எழுந்து போகவில்லை. ஏலக்காய் மூட்டையை மலைப்பாதையில் தூக்கிப் போகிறவர்களின் கதை. நம் தோட்டமும் இல்லை, நம் நாடும் இல்லை. ஆனால் ஏற்றத்தில் மூச்சு எங்கே வாங்கும், சுமையை எந்த மேட்டில் இறக்கி வைக்கலாம், வழியில் தேத்தண்ணி தருகிறவரோடு என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் அந்தப் படத்தில் சரியாக இருந்தன. மூட்டை சிதறி உருளும் இடத்தில் பெண்கள், “ஐயோ, பொறுக்குங்கடா” என்று சத்தமே போட்டார்கள். காணி வாங்கக் கனவு கண்டவன் கடைசியில் அதே மண்ணில் காற்றாலைக்குக் காவலாளியாக நிற்கும்போது ஒருவரும் பேசவில்லை. எங்கள் லயத்துப் பெண்களிடம் நான் கண்ட பழக்கம் இது: வதைப்பதைக் காட்டிக்கொண்டே இருந்தால் எழுந்து போவார்கள், உழைப்பைச் சரியாகக் காட்டினால் விடிய விடிய இருப்பார்கள். ‘பரதேசி’யை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் இந்த இரண்டில் எது பெரிய படம் என்று கேட்டால் லயத்தின் பக்கமே நிற்பேன்.

இனி நாடகம். விடியக் காலை நாலரைக்கு எழும்புகிறவர் ராத்திரி ஒன்பதரைக்கு விழித்திருக்கிறார் என்றால் தூக்கத்தை விலையாகக் கொடுத்துத்தான் பார்க்கிறார். ‘மெட்டி ஒலி’ காலத்தில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த ஒரு தகப்பனின் கதை. கரண்ட் போய்ப் பார்க்காமல் விட்டவர்களுக்கு அடுத்த நாள் மலையில் தேயிலை நிரைக்கு நிரை கதை போகும். கை கொழுந்தைக் கிள்ளும், வாய் கதை சொல்லும். சொல்கிறவள் தன் நாத்தனாரையும் நடுவே சேர்த்துவிடுவாள். கேட்கிறவள் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, “இது நாடகத்துல வந்துச்சா, ஒங்க வீட்டுல வந்துச்சா?” என்பாள். காமன் கூத்தை விடிய விடியப் பார்த்து மறுநாள் அலசிய சனம் நாம். அந்த அலசல்தான் நிரைக்கு மாறியது.

‘எதிர்நீச்சல்’ நாடகம் ஓடியபோது எங்கள் வரிசையில் எட்டுக் காம்பராவிலும் அதுதான் பேச்சு. படித்த மருமகள்களை அடுப்படிக்குள் அடைத்து வைத்த வீடு, அதன் தலைவன் குணசேகரன், அப்பத்தா பேரில் இருக்கும் 40 சதவீதப் பங்கு. அந்த 40 சதவீதம் யாருக்குப் போக வேண்டும், கையெழுத்து செல்லுமா செல்லாதா என்று வக்கீல் மாதிரி வாதாடிய பெண்களில் ஒருத்திக்கும் குடியிருக்கும் காம்பராவுக்குச் சொந்த உறுதிப் பத்திரம் கிடையாது. ஏழு பேர்ச் துண்டுக் காணி வரும் வரும் என்று எத்தனையோ தேர்தலுக்குக் கேட்டவர்கள். பெண் உழைத்த சம்பளத்தைப் புருஷன் கையில் எண்ணிக் கொடுப்பது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். குணசேகரனை அவர்கள் டீவியில் முதன்முதலாகப் பார்க்கவில்லை. அவர் உரத்துப் பேசும்போதெல்லாம் எங்கள் பக்கத்துக் காம்பரா அக்கா தன் புருஷனைத் திரும்பிப் பார்ப்பார். அவர் வெளியே போய் பீடி பற்ற வைப்பார்.

அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி காலமானபோது, முதல் நாள் ராத்திரிவரை அவரை மண்ணை வாரித் தூற்றியவர்களே கண் கலங்கினார்கள். “நம்மள இம்புட்டுக் கோவப்பட வச்சாரே, அவரல்லவா நடிகரு” என்றார் அதே அக்கா. வேடம் வேறு, ஆள் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இப்படிப் பேச மாட்டார்.

நாடகங்களில் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஒரு வாரத்துச் சண்டையை மூன்று மாசம் இழுக்கிறார்கள். கறுத்த பெண் என்றால் வேலைக்காரி, அடித்த புருஷன் திருந்தினால் உடனே மன்னிப்பு. இந்த மன்னிப்பில் எனக்கும் எங்கள் லயத்துப் பெண்களுக்கும் ஒத்துப்போவதே இல்லை. அவர்கள் மன்னிக்கச் சொல்வார்கள், நான் கூடாது என்பேன். அந்த வாக்குவாதம் இன்னும் தீரவில்லை.

எனக்கு உண்மையான மனக்குறை வேறொன்றில். நம் முகமும் நம் பேச்சும் திரையில் எங்கே? 1963இல் இலங்கையில் ‘தோட்டக்காரி’ படம் வந்தது. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் ‘புதிய காற்று’ எடுத்தார். அதை டவுனில் போய்ப் பார்த்த பெரியவர்கள் இன்றும் சொல்வது, “நம்ம சனங்க படத்துல நின்னாங்க” என்பதைத்தான். இலங்கைத் தமிழர் என்று தமிழ்நாட்டுப் படம் காட்டினால் அது யாழ்ப்பாணத்துப் பேச்சுதான். 2000இல் ‘தெனாலி’யில் கமல் பேசினார், 2025இல் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் சசிகுமாரும் சிம்ரனும் பேசினார்கள். அது அழகான தமிழ், அந்த மக்களின் துயரத்தில் எனக்கு ஒரு பங்கும் குறைவில்லை. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை எங்கள் பெண்கள் சிரித்துச் சிரித்து, அழுது பார்த்தார்கள். முடிந்த பிறகு எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி கேட்டார்: “படகுல ராமேஸ்வரம் போனவங்கள படமா எடுத்திருக்காங்க. கப்பல்ல அனுப்பி வச்சாங்களே எங்க அக்காவ, அத எவன் எடுத்தான்?”

1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதியது. பாட்டியின் அக்கா அதில் ஒருத்தி. கோச்சி ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பல், பிறகு நீலகிரியில் மறுபடியும் தேயிலை. இருவரும் அதன் பிறகு சந்திக்கவே இல்லை. எங்கள் பேச்சில், எங்கள் ஆட்கள் முகத்தோடு அந்த ஸ்டேஷன் காட்சியை யாராவது எடுத்தால் எங்கள் லயத்தில் ஒருவரும் அடுப்படிக்குப் போக மாட்டார்கள்.

தம்பி, அடுத்த லீவுக்குப் போகும்போது எந்தக் காட்சியில் எழுந்து போனார் என்று அம்மாவிடம் கேளுங்கள். படிப்பைப் பற்றிப் பேசாமல், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அம்மாயி கடைசிவரை பேசாமல் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடப் பிறந்தவர்கள் யாராவது கப்பலேறிப் போனார்களா என்று அவரிடமும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா