நுனி மட்டும் முங்குற ஃப்ளை லைன்

வணக்கம்ங்க. மேட்டூர் போய் வந்ததிலிருந்து தண்ணி மேல மிதக்க வேண்டிய ஃப்ளை லைனோட (பூச்சி மாதிரி செஞ்ச பொய் இரையை வீசி மீன் பிடிக்கிற தூண்டில் கயிறு) கடைசி மூணு அடி மட்டும் முங்குது, புதுசு வாங்கணுமான்னு கேட்டிருந்தீங்க. அவசரப்படாதீங்க.

முதல்ல அழுக்கான்னு பாருங்க. வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு கை கழுவுற சோப்பு விட்டு, லைனை ஈரத்துணிக்குள்ள இழுங்க. என்னோடதை இழுத்தப்ப துணியில பச்சையும் கருப்புமா கோடு விழுந்துச்சு, அத்தனையும் பாசி. துணி துவைக்கிற பவுடர் மட்டும் வேண்டாம்.

அப்புறமும் முங்கினா விரிசல்தான். நுனியை விரல்ல சுத்தி வளைங்க, மயிரிழை மாதிரி வெடிப்பு தெரியும். லைனை மிதக்க வைக்கிறது மேல்பூச்சுக்குள்ள இருக்கிற நுண்ணிய குமிழ்கள். வெடிப்பு வழியா உள்நூல் தண்ணி குடிச்சா நுனி கனத்துடும். ரெண்டு நாள் நிழல்ல காயவிட்டு, காய்ஞ்ச பிறகும் வளையுற பசையை மெல்லிசா தடவுங்க. சூப்பர் க்ளூ விறைச்சுப்போய் பக்கத்துலயே புது வெடிப்பு விடும். வெடிப்பு நுனியிலிருந்து அரையடிக்குள்ளன்னா, யோசிக்காம வெட்டிட்டு நுனியில புது லூப் (வளையம்) போட்டுடுங்க.

கொசு மருந்து பூசின கையால தொடாதீங்க, அதுல இருக்கிற டீட்ங்கிற ரசாயனம் லைன் மேல்பூச்சுல இருக்கிற பிவிசி பிளாஸ்டிக்கை இளக்கிடும். ஏற்காட்டுல சாயங்காலம் அது இல்லாம நிக்க முடியாதுன்னு தெரியும், புறங்கையால பூசிக்குங்க! சேலம் வெயில்ல கார்க்குள்ள ரீலை விட்டுட்டும் போகாதீங்க.