காய்கறியை எந்தச் சூட்டில் உலர்த்தினால் சத்து அதிகம் தங்கும்?

உலர்த்தும் வெப்பநிலை என்பது காயில் உள்ள நீரை வெளியேற்ற நாம் கொடுக்கும் காற்றின் சூடு. பெரும்பாலான காய்களுக்கு 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் பொருத்தமானது.

சூட்டில் எல்லாச் சத்தும் போய்விடாது. இரும்பு, கால்சியம் போன்ற தாதுக்களும் நார்ச்சத்தும் அப்படியே இருக்கும். முதலில் அடிபடுவது வைட்டமின் சி. சூடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அதைச் சிதைக்கின்றன. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டால் அதுவும் குறையும்.

சரி, அப்படியானால் சூட்டை நன்றாகக் குறைத்துவிடலாமா? கூடாது. உச்சி வெயிலில் சட்டென்று தெருவைக் கடப்பவரைவிட, இளவெயிலில் நாள் முழுக்க நிற்பவர் அதிகம் வாடலாம். காயும் அப்படித்தான். குறைந்த சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அதற்குள் இருக்கும் நொதிகள் (உயிர்ப்பொருளில் வேதிமாற்றங்களை வேகப்படுத்தும் புரதங்கள்) சத்தைச் சிதைக்கும் வேலையைத் தொடரும், பூஞ்சையும் பிடிக்கலாம். சூட்டை அளவுக்கு மீறி ஏற்றினாலோ மேல்பகுதி இறுகி உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். மெல்லியதாக நறுக்குவதுதான் நல்ல வழி என்பேன், நேரம் வெகுவாக மிச்சமாகும்.

அப்புறம், 100 கிராம் உலர்காயில் பச்சைக் காயைவிடத் தாதுக்கள் அதிகம் என்று படித்துவிட்டு உலர்த்தினால் சத்து கூடும் என்று நினைக்கிறார்கள். நீர் போனதால் அதே எடைக்கு அதிகக் காய் சேர்கிறது, அவ்வளவுதான்.