கேள்வி நேரம்: சூடோ தர மாட்டார்களா?

கே: கல்லூரி சூப்பர் கம்ப்யூட்டரில் பைத்தான் நூலகம் நிறுவ பிப் இன்ஸ்டால் (pip install) போட்டால் 'அனுமதி இல்லை' என்கிறது. சூடோ (sudo, அட்மின் அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் வசதி) கேட்டால் அட்மின் முறைக்கிறார். என்ன செய்வது?
- ஆய்வு மாணவி, தண்டையார்பேட்டை

ப: முறைக்கத்தான் செய்வார், அம்மா. எல்லோருக்கும் பொதுவான நம்பையை (NumPy, பைத்தானின் கணக்கீட்டு நூலகம்) நீங்கள் மாற்றினால், அதை நம்பி ஓடும் இன்னொருவரின் ஜாப் (கம்ப்யூட்டரில் ஓடவிட்ட வேலை) நடுராத்திரியில் விழும். எங்கள் வியாசர்பாடி குடியிருப்பில் மாடித் தொட்டி வால்வை ஆளாளுக்குத் திருகுகிற கதைதான்!

சரி, மாட்யூல் லோடு (module load, அங்கே ஏற்கெனவே உள்ள மென்பொருளை எடுத்துத் தரும் கட்டளை) போட்டு பைத்தானை எடுங்கள். அப்புறம் பைத்தானின் வென்வ் (venv) மூலம் உங்களுக்கென்று தனிச் சூழல் உருவாக்கி, அதை ஆக்டிவேட் செய்தபின் பிப் போடுங்கள். சூடோவே வேண்டாம். இதை நீங்கள் முதலில் நுழையும் கணினியான லாகின் நோடிலேயே முடித்துவிடுங்கள். ஜாப்கள் ஓடும் கம்ப்யூட் நோடுகளில் பெரும்பாலும் இன்டர்நெட் இருக்காது. ஜாப் ஸ்கிரிப்டிலும் அந்த மாட்யூல், ஆக்டிவேட் வரிகள் வேண்டும். ஹோம் கோட்டா (உங்கள் கோப்புகளுக்கு ஒதுக்கிய இடம்) நிரம்பினால், பிப் இறக்கிச் சேமித்து வைத்திருக்கும் கேஷைக் காலி செய்யுங்கள்.