மருத்துவர் பதில்கள்: மூன்றாம் நிலை என்றால் முடிந்ததா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 24. கழுத்தோரம் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி, வலியே இல்லை. ஊசி குத்திப் பார்த்தபோது ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று மாதம் கழித்து, கட்டியை முழுதாக எடுத்துப் பார்த்துவிட்டு, ஹாட்ஜ்கின் லிம்போமா, மூன்றாம் நிலை என்கிறார்கள். அப்போதே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானே? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: ‘பிழைத்திருப்பானே’ என்ற சொல்லில்தான் என் கண் நின்றது. தம்பிக்கு இன்னும் சிகிச்சையே தொடங்கவில்லை, அதற்குள் கணக்கை முடித்துவிட்டீர்களே!

குடலிலோ மார்பகத்திலோ வரும் புற்றுநோய் ஓரிடத்தில் பிறந்து வெளியே பரவும். அங்கே நிலை ஏற ஏறக் கவலையும் ஏறும். லிம்போமா நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். அந்த மண்டலமோ உடம்பு முழுக்க ஓடும் குழாய்களும், நடுநடுவே சுமார் 600 கணுக்களுமாக இருப்பது. அதில் சுற்றித் திரிவதுதான் வெள்ளணுக்களின் வேலை. அந்த அணுவே கெட்டுப்போனால் நாலு இடத்தில் தென்படத்தானே செய்யும்? நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு மேலும் கீழும் கணுக்களில் நோய் இருந்தால் அதற்கு மூன்று என்று பெயர். எந்த மருந்து, எத்தனை சுற்று என்று முடிவுசெய்ய அந்த எண் உதவும்.

எண்ணைவிட நோயின் பெயர் முக்கியம். 1832-ல் தாமஸ் ஹாட்ஜ்கின் இந்த நோயை விவரித்தது பிணப் பரிசோதனைகளில் கண்டதை வைத்து. 1960-களில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும் கதை மாறியது. இன்று முற்றிலும் குணமாக்கக்கூடிய புற்றுநோய்களில் இது முன்வரிசையில் இருக்கிறது, மூன்றாம் நிலையிலும்கூட.

ஊசியை நொந்துகொள்ளாதீர்கள். இந்தக் கட்டியில் புற்றணுக்கள் பெரும்பாலும் நூற்றில் ஒன்றிரண்டுதான் இருக்கும். மீதியெல்லாம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். பயிற்சிக் காலத்தில் ஒரு மதியம் முழுக்க நுண்ணோக்கியில் தேடி, ஆந்தை முழிப்பதுபோல் இரட்டைக் கரு கொண்ட ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணுவை, அதாவது இந்த நோயின் புற்றணுவை, கண்டுபிடித்துத் துள்ளினேன். “அதை நேற்றே நான் குறித்து வைத்தாயிற்று” என்றார் பேராசிரியர். முழுக் கணுவே கையில் இருந்தும் அவ்வளவு தேட வேண்டியிருந்தது. ஊசி நுனியில் சிக்காததில் என்ன ஆச்சரியம்?

சரி, இப்போது செய்ய வேண்டியது. கீமோ தொடங்கும் முன் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிக் கேளுங்கள். 24 வயதுப் பையன் அக்காவின் முன்னால் வாயைத் திறக்க மாட்டான், அதனால் அவனைத் தனியாக மருத்துவரிடம் பேச விடுங்கள். மருந்துகளில் ஒன்று பெரும்பாலும் சிவப்பாக இருக்கும், ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும். அது ரத்தமில்லை. சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

அம்மாவிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். முடி கொட்டத் தொடங்கினால் அவருக்குத் தானாகத் தெரிந்துவிடும். அப்படித் தெரிவது இன்னும் கஷ்டம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ஃபாலிகுலர் லிம்போமா, நான்காம் நிலை. ஆனால் டாக்டர், “இப்போது மருந்து வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்கிறார். கைவிட்டுவிட்டாரா?

பதில்: இல்லை. இது மெதுவாக நகரும் வகை. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு முன்கூட்டியே கீமோ கொடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை. பக்கவிளைவு மட்டும் முன்கூட்டியே வந்துசேரும். சிலர் பல வருடங்கள் இப்படியே இருப்பார்கள்.

ஆனால் வீட்டில் ஒரு கண் இருக்கட்டும். ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் வந்து வந்து போனாலோ, மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். ராத்திரி வியர்வையையும் கவனியுங்கள். “வியர்க்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். நான் கேட்பது, “தலையணை உறையை மாற்ற வேண்டியிருந்ததா?” என்று. அப்பாவிடம் அப்படியே கேளுங்கள்.