கேள்வி பதில்: ஐந்து எண்கள் இருக்க, நான்கால் ஏன் வகுக்க வேண்டும்?

கேள்வி: பள்ளியில் திட்டவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) போடும்போது மொத்த எண்ணிக்கையால் வகுத்தோம். கல்லூரிக்கு வந்ததும் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்கச் சொல்கிறார்கள். காரணம் கேட்டால் 'இது மாதிரித் தரவு, அதனால் அப்படித்தான்' என்கிறார் ஆசிரியர். மாதிரி என்றால் எதற்காக ஒன்று குறைய வேண்டும்? (முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது சரிதான், பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். மாதிரியில் 4, 7, 8, 10, 11 என்று ஐந்து எண்கள். கூட்டினால் 40, சராசரி 8. ஒவ்வொன்றிலிருந்தும் 8ஐக் கழித்தால் −4, −1, 0, 2, 3. இவற்றை அப்படியே கூட்டினால் பூஜ்யம்தான் வரும், எப்போதும் வரும், அதனால்தான் வர்க்கம் எடுக்கிறோம்: 16, 1, 0, 4, 9, மொத்தம் 30. இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. 30ஐ ஐந்தால் வகுத்தால் 6, அதன் வர்க்கமூலம் சுமார் 2.45. நான்கால் வகுத்தால் 7.5, வர்க்கமூலம் சுமார் 2.74.

இப்போது கவனியுங்கள். நமக்கு உண்மையில் தெரிய வேண்டியது இந்த ஐந்து எண்கள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்பது அல்ல, இவை எந்தப் பெரிய தொகுதியிலிருந்து வந்தனவோ அது எப்படிச் சிதறியிருக்கிறது என்பது. அதற்கு அந்தத் தொகுதியின் சராசரியிலிருந்துதான் விலகலை அளக்க வேண்டும், ஆனால் அது நம் கையில் இல்லை. இல்லாததால் இந்த ஐந்து எண்களிலிருந்தே எடுத்த 8ஐ அதன் இடத்தில் வைக்கிறோம். அந்த 8 இந்த எண்களுக்கு ரொம்ப வேண்டப்பட்ட ஆள்! வேறு எந்த எண்ணிலிருந்து அளந்தாலும் வர்க்கங்களின் கூட்டல் 30ஐ விட அதிகமாகத்தான் வரும். 9 என்று வைத்துப் பாருங்கள், 25, 4, 1, 1, 4, மொத்தம் 35. 7 என்று வைத்தாலும் 35தான். உண்மையான சராசரி அச்சாக 8 ஆகவே இருந்தால் ஒழிய, நம்முடைய 30 தேவையை விடக் குறைவு. குறைந்த தொகையைக் கொஞ்சம் சிறிய எண்ணால் வகுத்து ஈடுகட்டுகிறோம்.

சரி, சிறிய எண் என்றால் அது ஏன் சரியாக ஒன்று குறைந்ததாக இருக்க வேண்டும், அரை குறைந்தால் ஆகாதா? இதை நம்பச் சொல்ல மாட்டேன், நீங்களே போட்டுப் பார்க்கலாம். 2, 4, 6 என்று எழுதிய மூன்று சீட்டுகள்தான் முழுத்தொகுதி. சராசரி 4, வேரியன்ஸ் (அதாவது வர்க்கமூலம் எடுப்பதற்கு முந்தைய விடை) 8÷3, சுமார் 2.67. ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு எண் கொண்ட மாதிரிகள் மொத்தம் 9 வரலாம். இரண்டு தடவையும் ஒரே எண் வரும் மூன்று மாதிரிகளில் வர்க்கக் கூட்டல் 0, 2ம் 4ம் அல்லது 4ம் 6ம் வரும் நான்கு மாதிரிகளில் தலா 2, 2ம் 6ம் வரும் இரண்டில் தலா 8. எல்லாம் சேர்த்து 24. ஒவ்வொன்றையும் 2ஆல் வகுத்து ஒன்பதுக்கும் சராசரி எடுத்தால் 1.33, உண்மையில் பாதிதான்! இரண்டில் ஒன்றைக் கழித்து 1ஆல் வகுத்தால் 24÷9, அதே 2.67. அரையும் காலும் கழித்திருந்தால் இது கிடைக்காது. எந்தத் தொகுதியை வைத்து, எத்தனை எண் கொண்ட மாதிரி எடுத்தாலும், இப்படித் திரும்பப் போட்டு எடுக்கும் வரை, இது பொருந்தும்.

இதற்குப் பெஸ்ஸல் திருத்தம் என்று பெயர். ஃபிரீட்ரிக் பெஸ்ஸல் (1784–1846) ஜெர்மானிய வானியலாளர். வானியலில் ஒரே விண்மீனைத் திரும்பத் திரும்ப அளப்பார்கள், உண்மையான அளவு யாருக்கும் தெரியாது, ஆக நம்முடைய இந்தப் பிரச்சினை அவர்களுக்கு அன்றாடப் பிரச்சினை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தேர்வுக்கு வேண்டாம். இந்தத் திருத்தம் வேரியன்ஸுக்குத்தான் கச்சிதம். வர்க்கமூலம் எடுத்ததும் மறுபடி கொஞ்சம் குறைத்தே காட்டும். மேலே சொன்ன ஒன்பது மாதிரிகளின் திட்டவிலக்கங்களுக்குச் சராசரி சுமார் 1.26, உண்மையோ 1.63. மாதிரி பெரிதாகப் பெரிதாக இந்த வித்தியாசம் கரைந்துவிடும் என்பதால் அறிமுகப் பாடத்தில் இதைப் பற்றிப் பேசுவதில்லை, பேசாததில் தப்பும் இல்லை.

கேள்வி: குறுக்குவழி ஃபார்முலாவில் போட்டால் எனக்கு வேரியன்ஸ் மைனஸில் வருகிறது. மூன்றே எண்கள்தான், 5, 6, 9. நாலு தடவை சரிபார்த்துவிட்டேன், வர்க்கங்களில் பிழை இல்லை. எங்கே தப்பு? (தொலைதூரக் கல்வியில் படிக்கும் வாசகி)

பதில்: சராசரியை 7 என்று முழு எண்ணாக்கியிருப்பீர்கள், பந்தயம் கட்டத் தயார். குறுக்குவழி என்பது வர்க்கங்களின் கூட்டலிலிருந்து, சராசரியின் வர்க்கத்தை எண்ணிக்கையால் பெருக்கிக் கழிப்பது. வர்க்கங்கள் 25, 36, 81, கூட்டல் 142. அதிலிருந்து மூன்று தடவை 49, அதாவது 147ஐக் கழித்தால் −5. வர்க்கங்களின் கூட்டலுக்கு மைனஸ் வரவே முடியாது, ஆகவே மைனஸைப் பார்த்ததும் நிறுத்தியது நல்லது. பலர் மைனஸை அழித்துவிட்டு வர்க்கமூலம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சராசரி 20÷3, அதை அப்படியே பின்னமாக வைத்திருங்கள். மொத்தத்தின் வர்க்கம் 400, அதை 3ஆல் வகுத்தால் 133.33 (சராசரியின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினாலும் இதுதான்). 142இலிருந்து கழித்தால் 8.67, மூன்றில் ஒன்று குறைத்து 2ஆல் வகுத்தால் 4.33, வர்க்கமூலம் 2.08. இதே 7ஐ வைத்துக்கொண்டு நேர்வழியில் போயிருந்தால் 4, 1, 4 என்று 9 வந்து, விடை 2.12 ஆகியிருக்கும், அதாவது தப்பு சின்னதாக இருந்திருக்கும். இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைப் பிடிக்கும் வழி என்பதால் குறுக்குவழிதான் முன்கூட்டியே முழுமையாக்குவதைத் துளியும் பொறுக்காது. என்னைக் கேட்டால், கையால் போடும்போது எண்கள் பெரிதாக இருந்தால் எல்லாவற்றிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள். 1005, 1006, 1009க்கும் 5, 6, 9க்கும் திட்டவிலக்கம் ஒன்றேதான்.

கேள்வி: கால்குலேட்டர் ஒரு விடை சொல்கிறது, கம்ப்யூட்டர் வேறு விடை சொல்கிறது. எதை எழுதுவது?

பதில்: இரண்டும் சரி, இரண்டும் வேறு கேள்விக்கு. கால்குலேட்டரில் சிக்மா போட்ட விடை முழு எண்ணிக்கையால் வகுத்தது, எஸ் போட்டது ஒன்று குறைத்து வகுத்தது. எக்செலில் எஸ்டிடெவ் என்ற பெயருக்குப் பின்னால் பி வந்தால் முழுத்தொகுதி, எஸ் வந்தால் மாதிரி. பைத்தான் எழுதுபவர்கள் கொஞ்சம் உஷார், நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் நம்பை என்ற பைத்தான் தொகுப்பு முழு எண்ணிக்கையால் வகுக்கும், பாண்டாஸ் என்ற தொகுப்பு ஒன்று குறைக்கும். கையில் இருக்கும் எண்கள்தான் உங்களுக்கு வேண்டிய எல்லாமே என்றால் முழு எண்ணிக்கை, அவற்றை வைத்து வெளியே இருப்பதைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் ஒன்று குறைவு.

கேள்வி: அட்டவணையில் 2 மூன்று தடவை, 4 ஐந்து தடவை, 6 இரண்டு தடவை. மூன்று வரிசை இருப்பதால் இரண்டால் வகுத்தேன், பூஜ்யம் மதிப்பெண்!

பதில்: வரிசைகளை எண்ணக் கூடாது, தடவைகளை எண்ணுங்கள். மொத்தம் 10 எண்கள், சராசரி 3.8. விலகல் வர்க்கங்களை அந்தந்தத் தடவையால் பெருக்கிக் கூட்டினால் 19.6, அதை 9ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1.48. மற்றபடி படிகள் சரியாக இருந்தும் பூஜ்யம் போட்டிருந்தால் அது கொஞ்சம் அதிகம்தான்.

கேள்வி: மாதிரியில் ஒரே ஒரு எண் இருந்தால் திட்டவிலக்கம் பூஜ்யமா?

பதில்: இல்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்கிறீர்கள், எக்செலே பிழை காட்டும். ஒற்றை எண்ணை வைத்துச் சிதறலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, இன்னொரு எண்ணாவது வேண்டும்.